பொம்மை முகத்தின் நிழல்

நவராத்திரி நெருங்கும்போது அணுசக்தி நகரின் தமிழர் இல்லங்களில் கொலுப் பெட்டிகள் பரணிலிருந்து இறங்கும். மதுரையை அடுத்த விளாச்சேரியிலோ பண்ருட்டியிலோ பாட்டி வாங்கி, இரயிலில் கொண்டுவந்த பொம்மைகள் சில, மும்பையின் மழைக்கால ஈரத்தால் நிறம் மங்கியிருக்கும்.

அம்முகத்தில் ஒரே வண்ணத்தை அப்பினால் அது தட்டையாகிவிடும். காரணம் யாது? மனிதரின் மூக்கு தன் நிழலைத் தானே உண்டாக்கும். சாண் உயரப் பொம்மையின் மூக்கோ சிறிது. அதன் நிழல் கண்ணுக்கு எளிதில் புலப்படாது. ஆகவே, அந்நிழலைத் தூரிகையே தரவேண்டும்.

முதலில் அடிவண்ணம் பூசி உலரவிடுவர். பின்னர், அதனினும் கருமையான சாயலை நீர்க்கக் கரைத்து, சேலை மடிப்பின் பள்ளங்களில் ஓடவிடுவர். அதன்பின் வெளிர்சாயலைத் தூரிகையில் தொட்டு, துணியில் ஒற்றியெடுத்து, மேடுகளில் மட்டும் மெல்லத் தடவுவர். ஒளி மேலிருந்து விழுவதாகக் கொண்டால் நெற்றியும் மூக்கின் தண்டும் ஒளிரும். மோவாயின் அடி இருளும். இதே மராட்டிய மண்ணில், அஜந்தா ஓவியர்கள் சுமார் 1500 ஆண்டுகளுக்கு முன்பே ஒளியும் நிழலும் தீட்டி முகங்களுக்குத் திரட்சி தந்தனர்.

கண்களை இறுதியிலேயே தீட்டுவர். பழைய கோடு சிறிதேனும் தெரிந்தால், புதுக்கோடு அதன்மீதே செல்லவேண்டும். பார்வை மாறினால், அது பாட்டி கொண்டுவந்த பொம்மையாக இராது.