நாஸிலுக்குள் ஒரு நூல் மில்

கோயம்புத்தூருக்குப் போகிறவர்கள் மருதமலை ஏறுவார்கள், பேரூர் பட்டீஸ்வரரைக் கும்பிடுவார்கள், மிச்ச நேரம் இருந்தால் ஊட்டிக்கு நழுவிவிடுவார்கள். நான் போனது ஓர் ஓட்டையைப் பார்க்க. விட்டம் 4 மில்லிமீட்டர்.

சிரிக்காதீர்கள். அந்த ஓட்டையை டிசைன் பண்ணினவன் நான்தான்.

தண்ணீரைத் தூவானமாகச் சிதறடிக்கிற ஸ்பிரே நாஸில் செய்வது எங்கள் சென்னைக் கம்பெனியின் தொழில். கோவைப் பக்கம் ஒரு நூற்பாலைக்கு 360 நாஸில்கள் அனுப்பியிருந்தோம். மூன்றாவது வாரமே போன். "உங்க நாஸில் அடைச்சுக்குதுங்க. நீங்க வந்து பாக்கறீங்களா, இல்ல எல்லாத்தையும் லாரியில ஏத்தி உடட்டுங்களா?" கோவைக்காரர்கள் திட்டினாலும் 'ங்க' போட்டுத்தான் திட்டுவார்கள். எங்கள் முதலாளிக்கு அந்தப் பழக்கம் கிடையாது. "நீ வரைஞ்சதுதானே? நீயே போ. ஆர்டரைக் காப்பாத்திட்டு வா. இல்லேன்னா..." என்று நிறுத்தினார். மிச்சத்தை சேரன் எக்ஸ்பிரஸின் அப்பர் பெர்த்தில் படுத்துக்கொண்டு ராத்திரி முழுக்க நானே பூர்த்தி செய்தேன்.

காலையில் இறங்கினால் மார்ச் மாதத்திலும் லேசாகக் குளிர். கோவைக்கு மேற்கே மலைச் சுவரில் சுமார் 30 கிலோமீட்டர் அகலத்துக்கு ஒரு வாசல் திறந்திருக்கிறது, பாலக்காட்டுக் கணவாய். ஜூன் பிறந்தால் அது வழியாக ஈரக் காற்று ஊருக்குள் வந்துவிடும். சுற்றிலும் பருத்தி விளைகிற கரிசல் மண் வேறு. 1888-ல் ஸ்டேன்ஸ் இங்கே மில் ஆரம்பித்தார். 1930-களில் பைகாரா மின்சாரம் வந்ததும் தெருவுக்குத் தெரு மில் முளைத்தது. அவற்றில் பல இன்று இல்லை. சங்கு ஊதின இடத்தில் ஷாப்பிங் காம்ப்ளெக்ஸ் நிற்கிறது.

கணவாய்க் காற்றை வருஷம் முழுக்க நம்ப முடியுமா? மார்ச் மத்தியானத்தில் அது லீவு போட்டுவிடும். ஆனால் பருத்திக்கு ஈரம் வேண்டும். ஈரம் இருந்தால் பருத்தி இழைக்குப் பலம் கூடுகிறது. காற்று காய்ந்தால் இழை முறுகி, பஞ்சு பறந்து, நூல் பட் பட்டென்று அறுகிறது. ஈரம் அதிகமானாலும் தொல்லை, ரோலரில் போய்ச் சுற்றிக்கொள்ளும். ரிங் ஃப்ரேம் பகுதியில் சுமார் 55 முதல் 60 சதவீதம் ஈரப்பதம் இருந்தால் சமர்த்தாக ஓடும். மாமியார் மெச்சுகிற சாம்பார் மாதிரி, கூடவும் கூடாது, குறையவும் கூடாது.

மில்லுக்குள் நுழைந்த அரை மணி நேரத்தில் எனக்குத் தலை நரைத்துவிட்டது. எல்லாம் பஞ்சு! நிமிஷத்துக்கு 15,000 சுற்றுக்கு மேல் சுழலுகிற ஸ்பிண்டில்கள் ஆயிரக்கணக்கில். அவற்றுக்கு நடுவே நடந்துகொண்டே இருந்தார் ஒரு சைடர் பெண். எங்கே நூல் அறுந்தாலும் ஓடிப்போய், ஸ்பிண்டிலைப் பிடித்து நிறுத்தி, நுனியைத் தேடி எடுத்து, ஒட்டிவிட்டு, அடுத்ததற்கு. கண் மூடித் திறப்பதற்குள் ஒன்று.

"காத்தால ஒண்ணுமில்லீங்க சார். ரெண்டு மணிக்கு மேல வந்து பாருங்க" என்றார், நிற்காமலே. "ஒண்ணு ஒட்டறதுக்குள்ள நாலு அறுகும். காலு ரெண்டும் கழண்டு போயிரும். இதுல கொறைச்சலா ஒட்டினதுக்கு மேஸ்திரி பேச்சு வேற."

தூணில் இரட்டைத் தெர்மாமீட்டர் தொங்கியது, ஒன்றின் குண்டில் ஈரத்துணி சுற்றி. மூன்று மணிக்கு அதைப் பார்த்துக் கணக்குப் போட்டேன். 46 சதவீதம். எங்கள் கேட்டலாகில் இந்த மாதிரி விஷயத்துக்கெல்லாம் படம் போடுவதில்லை.

மில்லின் ஓரத்தில் ஓர் இரும்புக் கதவு. அதற்குப் பின்னால் ஒரு தனி மழைக்காலம். நிற்க வைத்த குழாய் வரிசைகளில் நாஸில்கள் தண்ணீரைத் தூவ, பெரிய ஃபேன்கள் மில் காற்றை அந்த மழைக்குள் இழுத்து, குளிப்பாட்டி, குளிர வைத்துத் திரும்ப அனுப்புகின்றன. பெயரே ஏர் வாஷர்தான். காற்றைத் துவைத்த தண்ணீர் கீழே தொட்டியில் விழும். அதே தண்ணீரைப் பம்பு மறுபடி நாஸிலுக்கு ஏற்றும். இங்கேதான் வம்பு. ஃபில்டருக்குத் தப்பி வந்த பஞ்சைக் காற்றிலிருந்து எவ்வளவு ஒழுங்காகக் கழுவுகிறதோ, அவ்வளவு பஞ்சு தண்ணீரில் சேரும். நாஸில் தன் வேலையை நன்றாகச் செய்தால் அதற்கு அதுவே சூனியம் வைத்துக்கொள்கிறது!

பிளான்ட் ஆபரேட்டர் ஐம்பதைத் தாண்டியவர். காக்கி டிரவுசர், காது இடுக்கில் ஓர் ஈர்க்குச்சி. இருபத்தாறு வருஷ சர்வீஸ். என்னைப் பார்த்ததும் கோபிக்கவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

"நீங்கதானுங்களா இதை வரைஞ்சது? வாங்க தம்பி" என்று ஒரு வரிசையின் வால்வை மூடி, ஸ்பானர் போட்டு ஒரு நாஸிலைக் கழற்றினார். உள்ளே விரலை விட்டு எதையோ இழுத்தார். வந்தது... வந்துகொண்டே இருந்தது. விளக்குத் திரி மாதிரி, முறுக்கேறின ஒரு பஞ்சுக் கயிறு.

"பாத்தீங்களா, உங்க நாஸிலு நூல் நூக்குது. மில்லுல இருக்கற ஸ்பிண்டிலு பத்தலைன்னு மொதலாளிதான் சொல்லி உட்டாரோன்னு நெனச்சேன்!"

கூட நின்ற ஹெல்பர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், வேறு வழி?

ஆனால் அவர் சொன்னது நூற்றுக்கு நூறு நிஜம். என் நாஸிலுக்குள் தண்ணீரைச் சுழற்றிவிட ஓர் இறக்கைத் தகடு வைத்திருந்தேன். எங்கள் தொழிலில் அதற்கு 'வேன்' என்று பெயர், ஸ்கூல் பிள்ளைகள் போகிற வேன் இல்லை. வெளி ஓட்டை 4 மி.மீ. என்று கேட்டலாகில் கொட்டை எழுத்தில் போட்டிருந்தோம். உள்ளே இறக்கை இடுக்கு 1.6 மி.மீ. என்பது கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில். நாஸில் வாங்குகிற புண்ணியவான்கள் முதலில் கேட்க வேண்டியது இந்தப் பொடி எழுத்தைத்தான். ஏனென்றால் எந்தக் குப்பை உள்ளே போய் வெளியே வரும் என்பதை முடிவு செய்வது மிகக் குறுகலான இடம், மிகப் பெரிய இடமல்ல.

சோதனை பண்ணாமலும் இல்லை. 1 மி.மீ. மணலைக் கலந்து மணிக்கணக்கில் ஓட்டினேன். ஒன்றுகூட அடைக்கவில்லை. மணல் உருண்டை, வந்த வழியே போய்விடும். பஞ்சு அப்படியா? இழை தலைமுடியைவிட மெலிசு, ஆனால் நீளம் 30 மி.மீ. வாக்கில். மிதந்து வருகிற இழை, இறக்கையின் விளிம்பில் கொடியில் போட்ட வேட்டி மாதிரி மடிந்து தொங்குகிறது. பாதி இந்தப் பக்கம், பாதி அந்தப் பக்கம். தண்ணீர் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இழுக்கிறது, எனவே நழுவுவதில்லை. அடுத்த இழை அதில் மாட்டும், அதற்கடுத்தது அதில். நான் ஆசையாகக் கொடுத்த சுழற்சி எல்லாவற்றையும் சேர்த்து முறுக்கித் திரியாக்கிவிடுகிறது.

"இன்னும் பொடிசா வலை போட்டா என்னங்ணா?" என்று கேட்டேன். என்னிடம் மிச்சமிருந்த ஒரே ஐடியா.

"போட்டுப் பாக்காம இருப்பமுங்களா? நாஸிலுக்குப் பதிலா வலை அடைச்சுது. பம்பு தண்ணியில்லாம கத்துச்சு. அப்பவும் நாலு இழை ஊசி மாதிரி நட்டுக்குத்தலா நொழஞ்சு வந்துருது."

போதாததற்கு போர் தண்ணீர் உப்பு. தண்ணீர் ஆவியாக ஆவியாக உப்பு தொட்டியில் தங்கி, ஓட்டை விளிம்பில் வெள்ளையாகப் பொருக்குத் தட்டுகிறது. அந்தச் சொரசொரப்பில் பஞ்சு இன்னும் சௌகரியமாக உட்காருகிறது. முன்பிருந்த ஆபரேட்டர் சைக்கிள் போக்ஸ் கம்பியால் குத்திக் குத்தி எடுப்பாராம். ஓட்டையில் கீறல் விழுந்து தண்ணீர் ஒரு பக்கமாகப் பீச்சியடிக்க ஆரம்பித்துவிட்டதாம். ஈர்க்குச்சியின் ரகசியம் அப்போதுதான் புரிந்தது. பித்தளையைக் கீறாது, பஞ்சைக் கிளப்பிவிடும். ஷிப்டுக்கு நாற்பது நாஸில் கழற்றி மாட்டுகிறார். அதுவரை அந்த வரிசையில் மழை இல்லை. அங்கே மழை நின்றால் இங்கே அந்தப் பெண் ஓட வேண்டும்.

கடைசி வரிசையைக் காட்டினார். எங்கள் சரக்கு பத்தாமல் அந்த ஒரு வரிசையில் மட்டும் பழைய பித்தளை நாஸில்களையே விட்டு வைத்திருந்தார். எல்லாம் குடை விரித்த மாதிரி அழகாகத் தூவின. ஒன்றைக் கழற்றி என் கையில் கொடுத்தார். நத்தை ஓடு மாதிரி ஒரு பக்கம் வீங்கின உருவம்.

"உள்ள என்ன இருக்குது, பாருங்க."

பார்த்தேன். "ஒண்ணும் இல்லையேண்ணா."

"அதானுங்க. ஒண்ணுமில்லாததுல என்னத்தங்க மாட்டும்?"

நான்கு வருஷம் இன்ஜினீயரிங் படித்தவனுக்கு அந்த இடத்தில் காது சூடேறியது. தண்ணீர் பக்கவாட்டில் சுவரை உரசிக்கொண்டு நுழைந்து, பாத்ரூம் ஜலதாரையில் சுழித்துக்கொண்டு போகிற மாதிரி தானே சுழன்று வெளியேறுகிறது. இறக்கை, தகடு எதுவுமில்லை. நடுவில் காற்று நிற்பதால் அதே தண்ணீர் அளவுக்கு ஓட்டையைப் பெரிதாகவே வைக்கலாம். இந்த ரகம் எங்கள் பாடப் புத்தகத்திலும் உண்டு. பழைய மாடல் என்று நான்தான் பக்கத்தைப் புரட்டியிருந்தேன்.

இலவசமாக எதுவும் வராது, அதையும் சொல்லிவிடுகிறேன். இறக்கை நாஸில் வட்டம் முழுக்க நிரப்பித் தூவும். நத்தையின் தூவலில் நடுவில் காலி. ஓட்டை பெரிதானால் துளியும் பெரிதாகும். துளி பெரிதானால் அதே தண்ணீருக்குக் காற்றைத் தொடுகிற பரப்பு குறையும், ஈரம் ஏறுவது மந்தமாகும். பிரஷரைக் கூட்டிப் பொடியாக்கலாமே என்று மானேஜரிடம் சொல்லிப் பார்த்தேன்.

"ஏனுங்க, ஒரு யூனிட் கரண்டு என்ன விலைன்னு தெரியுங்களா?" என்றார். அத்தோடு பிரஷர் பேச்சு முடிந்தது. திருத்திக்கொண்டு வர இரண்டு மாசம் டைம் கொடுத்தார்.

கிளம்பும்போது ஆபரேட்டரிடம் ஒன்று கேட்டேன். தொட்டித் தண்ணீர் ஒரு கேன். இனிமேல் மெட்ரோ வாட்டரிலும் மணலிலும் டெஸ்ட் பண்ணுவதில்லை என்று முடிவெடுத்திருந்தேன். இருபது லிட்டர் பஞ்சுத் தண்ணீரை வெள்ளைக் கேனில் அவரே நிரப்பிக் கொடுத்தார்.

சேரனில் அதை சீட்டுக்கடியில் தள்ளும்போதே எதிர் சீட்டுப் பெரியவரின் கண் அதன்மேல் விழுந்துவிட்டது.

"சிறுவாணித் தண்ணியா தம்பி?"

மில் விஷயத்தை முழுசாகச் சொல்ல அலுப்பாக இருந்தது. "ஆமாம் சார்" என்று தொலைத்துவிட்டேன். அவர் முகம் மலர்ந்தது. சிறுவாணியின் ருசிக்கு உலகத்தில் ஈடு கிடையாது என்று திருப்பூர் வரை சொன்னார். ஈரோட்டில் ஒரு காலி பாட்டிலை எடுத்து என் முன்னால் நீட்டினார். அதற்கப்புறம் நான் சொன்ன உண்மையை அவர் நம்பவில்லை. சென்னைப் பையன், ஒரு பாட்டில் தண்ணீருக்குக் கூட மனசு வரவில்லை என்று முகத்தைத் திருப்பிப் படுத்துக்கொண்டார்.

அந்தக் கேன் என் இறக்கை நாஸிலை நாற்பது நிமிஷத்தில் அடைத்தது. மணலுக்கு அசராத அதே நாஸிலை! இரண்டு மாசம் அதோடு மல்லுக்கட்டினேன். கடைசியில் வந்தது 6 மி.மீ. ஓட்டையுள்ள ஒரு நத்தை. நுழைகிற வழியும் அதே 6 மி.மீ., எங்கேயும் அதைவிடக் குறுகல் கிடையாது. ஸ்பானர் வேண்டாம், கையாலேயே கால் திருகு திருகினால் கழன்று வரும். அடைக்கவே அடைக்காத நாஸில் என்று எவனாவது விற்க வந்தால் நம்பாதீர்கள். அடைத்தால் சீக்கிரம் கழற்ற முடிகிறதா என்று கேளுங்கள். துளி பெரிதான குறைக்கு ஒரு வரிசையைக் காற்றுக்கு எதிர்முகமாகத் திருப்பினோம். துளிகள் காற்றோடு கொஞ்சம் கூடுதல் நேரம் மல்லாடட்டும் என்று.

ஒவ்வொன்றும் இரண்டு பங்கு தண்ணீர் தருவதால் 360-க்குப் பதில் 180 போதும் என்று முதலாளியிடம் சொன்னபோது அவர் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே... "சரக்கைப் பாதியாக்கறதுக்கா உன்னைக் கோயம்புத்தூர் அனுப்பிச்சேன்?" ஆர்டர் பிழைத்தது. என் இன்கிரிமென்ட்டைப் பற்றி இன்னொரு நாள் எழுதுகிறேன்.

மே கடைசியில் மறுபடி போனேன். மூன்று மணிக்குத் தெர்மாமீட்டர் கணக்கு 56 காட்டியது. சைடர் பெண் இன்னும் நடந்துகொண்டுதான் இருந்தார், ஆனால் ஓடவில்லை. என்னைப் பார்த்து, "நீங்கதானுங்களா அந்த நாஸிலு?" என்று மட்டும் கேட்டார்.

இரும்புக் கதவுக்குப் பின்னால் ஆபரேட்டர் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"அடைக்குதுங்களாண்ணா?"

"அடைக்காம இருக்குமுங்களா? வாரத்துக்கு ரெண்டு, மூணு."

காது இடுக்கில் ஈர்க்குச்சி அப்படியே இருந்தது. எடுத்து ஒரு தடவை பார்த்துவிட்டு, திரும்பச் சொருகிக்கொண்டார்.