குன்றின்மேல் ஒரு குறிப்பேடு

பருவம் மாறுவதை நமக்கு மழை அறிவிக்கும். முதல் இடி முழங்கி மண் மணத்தால், காலம் திரும்பிவிட்டது என்று சிறு பிள்ளையும் சொல்லிவிடும். குளிர்நாடுகளில் அப்படியன்று. அங்கே பின்பனிக்காலம் எந்நாளில் முடிந்தது, இளவேனில் எந்நாளில் தொடங்கியது என்பதை உற்றுநோக்கியே அறிய வேண்டும். அப்படி உற்றுநோக்குவதையே வாழ்நாள் விருப்பமாகக் கொண்ட மனிதர் பலர் அந்நாடுகளில் உள்ளனர். அத்தகையோரின் தாய்வீடு என்று சொல்லத்தக்க ஒரு குன்றைத் தென் ஜெர்மனியில் கண்டு வந்தோம். அங்கே கண்டதையும் கேட்டதையும் வாசக அன்பர்களுடன் பகிர்ந்துகொள்ள விழைகின்றோம்.

குருக்கள் மூலை

மியூனிக் நகரிலிருந்து தென்மேற்கு நோக்கிப் புகைவண்டியில் சென்று, வைல்ஹைம் என்னும் ஊரில் சிறு வண்டிக்கு மாறினோம். அவ்வட்டாரத்திற்குப் 'பாஃபன்விங்கல்' என்று பெயர். 'குருக்கள் மூலை' என்பது அதன் பொருள். ரோட்டன்பூக், ஸ்டைன்காடன், போலிங், வெஸ்ஸோபுருன் என்று அடுத்தடுத்துத் துறவியர் மடங்கள் நிறைந்திருந்த நாடாதலின் மக்கள் அப்பெயரை இட்டனர்.

அச்சமவெளியின் நடுவே, ஆல்ப்ஸ் மலைத்தொடருக்கு முன்னால், காவலன்போல் தனித்து நிற்பது ஹோஹன்பைசன்பெர்க் என்னும் குன்று. உயரம் 988 மீட்டர். உச்சியில் நம் அன்னையின் திருத்தலம் ஒன்று உண்டு. அதன் சிற்றாலயம் 1514-ஆம் ஆண்டில் எழுந்தது. பதினேழாம் நூற்றாண்டின் தொடக்கம் முதல் ரோட்டன்பூக் மடத்தைச் சேர்ந்த அகுஸ்தீன் சபைத் துறவியர் அத்திருத்தலத்தைப் பேணி வந்தனர்.

நாம் சென்றது மார்ச் மாதத்தின் முதல் வாரம். வடசரிவில் பனி முழங்கால் அளவு கிடந்தது. தென்சரிவிலோ புல் தலைகாட்டியிருந்தது. ஒரே குன்றின் ஒரு பக்கம் குளிர்காலம், மறுபக்கம் இளவேனில்! உச்சியில் நின்று தெற்கே நோக்கினால், 2,962 மீட்டர் உயர்ந்த சுக்ஷ்பிட்ஸ சிகரம் உட்பட மலைவரிசை முழுவதும் கைக்கெட்டும் தொலைவில் இருப்பதுபோல் தோன்றிற்று. "மலை இவ்வளவு அருகில் தெரிந்தால் ஃபோன் காற்று வீசுகிறது என்று பொருள்" என்றார் உடன் வந்த நண்பர். ஆல்ப்ஸின் தென்புறம் ஏறும் காற்று, தன் ஈரத்தை அங்கேயே மழையாகவும் பனியாகவும் கொட்டிவிடுகிறது. பின்பு உலர்ந்து வடபுறம் இறங்கும்போது நூறு மீட்டருக்கு ஏறத்தாழ ஒரு டிகிரி வீதம் சூடேறுகிறது. அக்காற்றுப் பட்டால் பனி ஒரே நாளில் கரையும். ஆனால் காற்று நின்றதும் குளிர் திரும்பிவிடும். பொய் வசந்தம் காட்டுவதில் அது வல்லது.

துறவியர் எழுதிய ஏடு

இக்குன்றில் 1781-ஆம் ஆண்டு சனவரித் திங்கள் முதல் நாள் துறவியர் வானிலை குறிக்கத் தொடங்கினர். மலைமீது அமைந்த வானிலை நிலையங்களுள் உலகிலேயே மிகப் பழமையானது இதுவே என்பர்.

அதன் பின்னணி சுவையானது. 1780-ஆம் ஆண்டு மான்ஹைம் நகரில் இளவரசர் கார்ல் தியோடர் வானிலைக் கழகம் ஒன்றை நிறுவினார். அரண்மனைக் குருவான யோஹான் யாக்கோப் ஹெம்மர் அதன் செயலர். வெவ்வேறு ஊரார் வெவ்வேறு கருவி கொண்டு, வெவ்வேறு நேரத்தில் அளந்தால் அவற்றை ஒப்பிட்டுப் பயனில்லை என்பதை ஹெம்மர் உணர்ந்தார். ஆகவே ஒரே வகையான கருவிகளைச் செய்வித்து, விலையின்றி அனுப்பிவைத்தார். காலை 7 மணி, பிற்பகல் 2 மணி, இரவு 9 மணி ஆகிய மூன்று வேளையும் எல்லாரும் குறிக்க வேண்டும் என்று விதித்தார். ரோம், பிராக், ஸ்டாக்ஹோம், மாஸ்கோ, கிரீன்லாந்து, அமெரிக்காவின் கேம்பிரிட்ஜ் என 39 இடங்களில் இவ்வேலை நடந்தது. அக்குறிப்பாளர்களில் துறவியர் பலர். காரணம் எளிது. மணி தவறாமல் எழுவோரும், ஒருவர் நோயுற்றால் மற்றொருவர் அவ்விடத்தில் நிற்போரும் மடங்களிலேயே கிடைத்தனர்.

பூக்களைப் பற்றிய பொழுதுபோக்கு மட்டுமன்று இவ்வேலை. 1783-ஆம் ஆண்டு கோடையில் ஐஸ்லாந்துத் தீவின் லாக்கி எரிமலை வெடித்து, ஐரோப்பா எங்கும் உலர்ந்த மூடுபனிபோல் புகை கவிந்தது. அடுத்து வந்த குளிர்காலம் மிகக் கொடியது. ஆறுகள் உறைந்து பாறையாயின. 1784 பிப்ரவரி இறுதியில் திடீரென வெப்பக் காற்றும் மழையும் வந்தன. 'வசந்தம் பிறந்தது' என்று மகிழ வேண்டிய நாளில் பனி கரைந்து, ஆற்றுப் பனிக்கட்டி உடைந்து, ரைன், மைன், நெக்கர் ஆறுகள் ஊர்களை வாரிச் சென்றன. கொலோன் நகருக்கு எதிரே இருந்த மியூல்ஹைம் ஊர் பெரும்பாலும் அழிந்தது. பருவம் மாறும் வாசலில் நின்று காவல் காப்பது எவ்வளவு தேவை என்பதை அவ்வாண்டு உணர்த்திற்று.

ஹெம்மர் 1790-இல் இறந்தார். சில ஆண்டுகளில் போர்கள் மூண்டு, கழகமும் கலைந்தது. 1803-இல் அரசு மடங்களைக் கைப்பற்றியபோது ரோட்டன்பூக் மடமும் மூடப்பட்டது. பதில் எழுதக் கழகமில்லை, ஆணையிட மடத்தலைவருமில்லை. அந்நிலையில் ஏட்டை மூடிவைத்தால் குறை சொல்வோர் யார்? எனினும் குன்றின் பங்குக் குருக்கள் அவ்வேலையைத் தொடர்ந்தனர். அதனால்தான் இன்றும் அந்நிலையம் உயிரோடிருக்கிறது. இப்பொழுது ஜெர்மன் வானிலைத் துறை அதை நடத்துகிறது. 1967 முதல் ஓசோன் அளவும் அங்கே எடுக்கப்படுகிறது.

அடிவாரத்துப் பாட்டியார்

நிலையத்தைப் பார்த்தபின், அடிவாரச் சிற்றூரில் ஒரு பாட்டியார் வீட்டிற்கு நண்பர் நம்மை அழைத்துச் சென்றார். ஜெர்மன் வானிலைத் துறைக்கு ஊதியம் கருதாமல் செடிகொடிகளைக் கண்காணித்து எழுதித் தருவோர் நாடெங்கும் ஏறத்தாழ ஆயிரம் பேர் உள்ளனர். அவர்களுள் ஒருவர் அப்பாட்டியார்.

"இளவேனில் எப்போது தொடங்கும்?" என்று கேட்டோம். அவர் சிரித்தார். "எந்த இளவேனில்? வானிலைக்காரர்களுக்கு மார்ச் முதல் நாள். வானநூலார்க்கு மார்ச் 20-ஐ ஒட்டி. எனக்கோ அதோ அந்தப் புதர் சொல்லும் நாள்" என்று தோட்டத்து ஹேசல் புதரைக் காட்டினார்.

அவர் விளக்கியது இது. ஹேசல் புதரின் தொங்கும் பூங்கொத்து நீண்டு, தட்டினால் மஞ்சள் தூள் பறந்தால் முன்வேனில் பிறந்தது. பனிமணிப் பூவும் அப்போதே மலரும். ஃபார்சித்தியாச் செடி மஞ்சளாகப் பூத்தால் வேனிலின் முதற்படி. ஆப்பிள் பூத்தால் முழு வேனில். இடம் உயர உயர, நூறு மீட்டருக்கு மூன்று நான்கு நாள் வீதம் இவை பிந்தும். ஆகவே இளவேனில் பள்ளத்தாக்கிலிருந்து குன்றின்மேல் காலால் நடந்து ஏறுகிறது என்றே சொல்லலாம்.

மேசையில் அவருடைய பழைய குறிப்பேடுகள் இருந்தன. புரட்டிப் பார்த்தோம். ஒவ்வோர் ஆண்டும் அதே மரங்கள், அதே வரிசை. ஓரிடத்தில் மட்டும் ஆப்பிள் பூத்த நாளுக்கு நேரே வெற்றிடம் இருந்தது. ஏன் என்று வினவினோம்.

"அவ்வாண்டு ஏப்ரலிலும் மே மாதத்திலும் என் கணவருடன் மருத்துவமனையில் இருந்தேன். திரும்பி வந்தபோது அவரும் இல்லை, பூவும் உதிர்ந்துவிட்டது. அண்டை வீட்டார் நாளைக் குத்துமதிப்பாகச் சொன்னார்கள். எழுதிவிடலாம் என்றும் சொன்னார்கள். நான் பார்க்கவில்லையே! பார்க்காததை எப்படி எழுதுவது?" என்றார்.

அவ்வெற்றிடத்தை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தோம். குன்றின் ஏட்டை உலகம் நம்புவது ஏன் என்பது அப்போது விளங்கிற்று.

திரியும் பனியும்

பிப்ரவரி 2-ஆம் நாள், ஆண்டவரைக் கோவிலில் காணிக்கையாக்கிய திருநாள், பவேரிய உழவர்க்குக் குளிர்காலத்தின் திருப்புமுனை. 'லிஹ்ட்மெஸ்' என்னும் அந்நாளில் மெழுகுதிரிகள் மந்திரிக்கப்படும். பண்ணையாட்கள் ஆண்டுக் கூலி பெற்று, விரும்பினால் வேறு வீடு மாறும் நாளும் அதுவே. அன்று வெயில் எறித்து வளைக்கரடி தன் நிழலைக் கண்டால், குளிர் இன்னும் நீடிக்கும் என்பது பழைய நம்பிக்கை. அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் குடியேறிய ஜெர்மானியர் வளைக்கரடிக்குப் பதில் நிலப்பன்றி எனப்படும் அணில் இன விலங்கைப் பிடித்துக்கொண்டனர். பங்ஸுடானி என்னும் ஊரில் 1887 முதல் அது விழாவாக நடந்து வருகிறது. அறிவியல் அதை ஏற்பதில்லை. ஆயினும் வசந்தம் வருமா என்று ஏங்கிய மனத்தின் அடையாளம் அது.

மே 11 முதல் 15 வரையுள்ள மமெர்த்துஸ், பங்கிராஸ், செர்வாசியுஸ், போனிபாசியுஸ், சோபியா ஆகிய புனிதர்களை மக்கள் 'பனிப் புனிதர்' என்று அழைக்கின்றனர். அவர்கள் நாள் கடக்குமுன் மென்மையான நாற்றுகளை வெளியே நடமாட்டார்கள். முதிர்ந்த வேனிலிலும் ஓரிரவு உறைபனி வந்துவிடும் என்னும் அச்சமே காரணம்.

அவ்வச்சம் வீணன்று. பாட்டியாரின் மகள் வாழ்க்கைப்பட்ட வீடு கொன்ஸ்டன்ஸ் ஏரிக்கரையில் உள்ளது. ஆப்பிள் தோட்டமே அவர்கள் பிழைப்பு. 2017-ஆம் ஆண்டு மார்ச் மாதம் வெதுவெதுப்பாக இருந்தது. மரங்கள் முந்திப் பூத்தன. ஏப்ரல் 20-ஐ ஒட்டிய இரவுகளில் உறைபனி விழுந்தது. காலையில் பூக்களின் நடுப்பகுதி கருகிப்போயிருந்தது. சில தோட்டத்தார் மரங்களின் இடையே பெரிய மெழுகுத் திரிகளை வரிசையாக ஏற்றி வைத்தனர். வேறு சிலர் பூவின்மேல் இரவெல்லாம் தண்ணீர் தெளித்தனர். நீர் உறையும்போது வெளிப்படும் வெப்பம் பூவைக் காக்கும். "திரி வாங்கவும் அவர்களிடம் பணம் இல்லை. மருமகன் இரவு முழுவதும் வெப்பமானியைப் பார்த்தபடி நின்றாராம்" என்று பாட்டியார் தாழ்ந்த குரலில் சொன்னார்.

ஜெர்மனி முழுவதும் திரட்டிய குறிப்புகளின்படி, ஹேசல் பூக்கும் நாள் 1961-க்கும் 1990-க்கும் இடைப்பட்ட காலத்தை நோக்க, இப்பொழுது ஏறத்தாழ இரண்டு வாரம் முந்திவிட்டது. உலகம் சூடேறுவதே காரணம். குளிர் குறைவது நன்மைதானே என்று தோன்றலாம். ஆனால் பூ முந்திக்கொள்ள, உறைபனி அதே நாட்களில் வந்துகொண்டிருந்தால், நட்டம் தோட்டக்காரனுக்கே. இம்மாற்றத்தை எவரும் ஒருநாளில் கண்டுபிடித்துவிடவில்லை. ஆயிரம் தோட்டங்களில் ஆயிரம் பேர், தாம் கண்டதை மட்டும் எழுதி வைத்ததால் தெரியவந்தது.

மாலை வெயில் சாயும் வேளை. விடுமுறைக்கு வந்திருந்த பேத்தி தோட்டத்திற்கு ஓடினாள். பாட்டியாருக்கு இப்பொழுது முழங்கால் வலி. பனியில் நடக்க முடிவதில்லை. சன்னலருகே நின்றபடி பார்த்தோம். சிறுமி ஹேசல் கிளையை விரலால் சுண்டினாள். மெல்லிய மஞ்சள் தூள் வெயிலில் மிதந்து சென்றது.

"பாட்டி, பறக்குது! எழுதலாமா?" என்று கூவினாள்.

"நீ பார்த்தாயா?"

"பார்த்தேன்."

"அப்படியானால் நீயே எழுது" என்று சொல்லி, பாட்டியார் எழுதுகோலை அவளிடம் நீட்டினார்.

ஆங்கிலத்தில் தவக்காலத்தைக் குறிக்கும் 'லென்ட்' என்னும் சொல் முற்காலத்தில் வசந்தத்தையே குறித்தது. பொழுது நீள்வதைச் சுட்டிய சொல் அது. அன்று மாலை புகைவண்டி நிலையத்திற்கு நடந்தபோது பொழுது நீண்டிருப்பதை நாமும் கண்டோம். முதல் நாள் இதே நேரத்தில் இருட்டியிருந்ததா என்று நினைவுகூர முயன்றோம், இயலவில்லை. நாம்தான் அதைக் குறித்து வைக்கவில்லையே!