தலைக்கயிறும் இடுப்புப்பட்டியும்

கண்டி நகர்க் கடையொன்றில் பேராதனைக் கலைப்பீட மாணவன் ஒருவன் முதுகுப் பை தேடினான். நக்கிள்ஸ் மலைக்கு இரு நாட் பயணம். நிறமும் கொள்ளளவும் கண்டு ஒன்றை விரும்பி எடுத்தான். உடன்வந்த தாயார், தோட்டத்திற் கொழுந்தெடுப்பவர், ஒரே கேள்வி கேட்டார்: "பாரம் எங்க தம்பி நிக்கும்?"

வினா செம்மையானதே. பையைத் தெரிவதற்கு ஆளின் உயரம் அளவன்று; முதுகின் நீளமே அளவு. தலை குனியுங்கால் பிடரியின் கீழ்த் துருத்தும் எலும்பு முதல் இடுப்பெலும்பின் மேல்விளிம்பு வரை அளத்தல் வேண்டும். பட்டி அவ்விடுப்பெலும்பின்மீது இறுகப் பொருந்தினால் சுமையின் பெரும்பகுதி கால்களுக்கு இறங்கும். தோள்வார்கள் பை சாயாமற் காத்தாற் போதும். வெறும் பையை மாட்டிப் பார்ப்பதிற் பயனில்லை. கடைக்காரர் முகஞ் சுளித்தாலும் பாரம் ஏற்றியே நடந்து பார்த்தல் நன்று.

தாயார் அறிந்த கூடைக்கு இடுப்புப்பட்டி இல்லை. 1867இல் கண்டிக்குத் தென்கிழக்கே லூல்கந்துரவில் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டார். பின்னர் அத்தொழில் மலையகமெங்கும் பரவியது. கூடைக்குப் பதிலாகச் சாக்கு வந்த தோட்டங்களிலும் கயிறு தலையிலேயே தங்கிற்று, கழுத்தே தாங்கிற்று. முதுகை அளந்து கூடை கொடுத்த துரை எவர்?

வழிக்கென வாங்கிய அரிசியையும் பருப்பையும் உள்ளிட்டு, மகன் பையைத் தாயாருக்கு அணிவித்துப் பட்டியை இறுக்கினான். அவர் கழுத்தை இருபுறமும் திருப்பிப் பார்த்தார். கழற்றச் சற்றுத் தாமதித்தார்.