இடது காலுக்கு ஓய்வு!

சத்திரம் பஸ் ஸ்டாண்டில் சாயங்காலம் ஆறு மணிக்கு நின்றிருக்கிறீர்களா? துறையூர், முசிறி, லால்குடி என்று கண்டக்டர்கள் ஏலம் போட, ஸ்ரீரங்கம் டவுன் பஸ்ஸுக்கான கூட்டம் பாதி ரோட்டுக்கே வந்து நிற்க, உச்சிப் பிள்ளையார் மேலேயிருந்து, 'நல்லவேளை, நமக்கு மூஞ்சூறு' என்று பார்த்துக்கொண்டிருப்பார்.

அந்தக் கூட்டத்துக்கு நடுவேதான், ஒரு பழைய மஹிந்திரா தார் ஜீப்பின் டிரைவர் ஸீட்டில் உட்கார்ந்துகொண்டு, என் வாழ்க்கையின் மகத்தான கேள்வியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். கியர் வண்டியா, ஆட்டோமேட்டிக்கா?

ஜீப் எதற்கு என்பதை முதலில் நானே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால், "நாப்பது வயசு நெருங்குதுல்ல, அதான்!" என்று என் மனைவி சொல்வதை நம்பிவிடுவீர்கள்.

உப்பிலியபுரம் தாண்டி, கொல்லிமலை அடிவாரத்தில், புளியஞ்சோலைக்குப் போகிற வழியில் எங்கள் கிராமம். ரோட்டிலிருந்து பிரிகிற மண்பாதையில் 2 கிலோ மீட்டர். நடுவில் ஒரு ஓடை. வருஷத்தில் பத்து மாசம் கால்கூட நனையாது. ஐப்பசி, கார்த்திகையில் மட்டும், 'நானும் ஆறுதான்' என்று முறைக்கும்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் ஓர் ஐப்பசி ராத்திரி, அம்மாவுக்கு மூச்சுத் திணறல் என்று போன். ஸ்ரீரங்கத்திலிருந்து என் சின்னக் காரை விரட்டிக்கொண்டு போனேன். ரோடு முடிந்த இடத்தில், சேற்றில் முன்சக்கரம் சுற்றியது... சுற்றியது... சுற்றிக்கொண்டே இருந்தது. பேன்ட்டை மடித்துக்கொண்டு நடந்தேன். நான் போய்ச் சேர்வதற்குள், பக்கத்து வீட்டுக்காரர் டிராக்டர் டிரெய்லரில் கயிற்றுக் கட்டிலைப் போட்டு அம்மாவைக் கிளப்பியிருந்தார். அம்மா பிழைத்துவிட்டாள். ஆனால், கொட்டுகிற மழையில் அவள் மேல் தார்ப்பாயைப் பிடித்தபடி துறையூர் வரைக்கும் நான் உட்கார்ந்து வந்த அந்த ஒரு மணி நேரம்... வேண்டாம், விடுங்கள்.

அன்றைக்கு முடிவு பண்ணினேன். நாலு சக்கரமும் இழுக்கிற வண்டி ஒன்று வாங்கியே தீருவது! புது வண்டிக்கு நம் சம்பளம் இடம் கொடுக்காது. எனவே செகண்ட் ஹேண்ட்.

தாரில் அப்போதெல்லாம் குழப்பமே இல்லை. 2010-இல் வந்த முதல் தாரில் கியர் மட்டும்தான். அதற்கெல்லாம் தாத்தாவான யுத்தகால வில்லிஸ் ஜீப்பில் மூன்றே கியர். கூடவே மலைக்கும் சேற்றுக்கும் இன்னும் இரண்டு குட்டி லீவர். குழப்பம் ஆரம்பித்தது 2020-இல். அந்த வருஷம் வந்த புது தாரில் 6 கியர் மேனுவலும் உண்டு, 6 கியர் ஆட்டோமேட்டிக்கும் உண்டு. இன்னொரு சங்கதி: 2023 ஜனவரியிலிருந்து பின்சக்கரம் மட்டும் இழுக்கிற தாரும் வந்துவிட்டது. வெளியிலிருந்து பார்த்தால் அண்ணன், தம்பி மாதிரி இருக்கும். உள்ளே அந்தக் குட்டி லீவர் இருக்கிறதா என்று பாருங்கள். 'ஜீப்தானே' என்று வாங்கிவிட்டுச் சேற்றில் உட்காராதீர்கள்!

எனக்கு வந்து வாய்த்தவை இரண்டு. இரண்டுமே 2021 டீசல், இரண்டுமே நாலு சக்கர இழுவை. கியர் வண்டி பன்னிரண்டரை லட்சம். ஆட்டோமேட்டிக் பதிமூன்றே முக்கால்.

ஆபீஸில் கருத்துக் கணிப்பு நடத்தினேன். கேஷியர் நண்பன் டீயை வைத்துவிட்டு, "மாப்ளே, ஆட்டோமேட்டிக் ஜீப்புங்கறது குத்தாலத்துல போய் வெந்நீர்ல குளிக்கிற மாதிரிடா!" என்றான். எதிர் ஸீட்காரர், "அதெல்லாம் லேடீஸ் ஓட்டுறது சார்" என்றார். (லேடீஸ் யாரும் பக்கத்தில் இல்லை என்று பார்த்துக்கொண்டுதான்!) எனக்கும் உள்ளூர அதே எண்ணம்தான். ஜீப் என்றால் இடது கையில் கியர் ராடு இருக்க வேண்டும். அதைத் தட்டித் தட்டிப் போட வேண்டும். அப்போதுதான் மீசைக்கு மரியாதை!

எங்கள் பாய் மெக்கானிக்கிடம் போனேன். இருபத்தைந்து வருஷமாக ஜீப்புக்கு அடியில் படுத்தே பாதி ஆயுளைக் கழித்தவர்.

"ரெண்டு டேபிள் ஃபேனை எதிரும் புதிருமா வைங்க தம்பி. ஒண்ணைப் போட்டா, அந்தக் காத்துல இன்னொண்ணும் சுத்தும்ல? அதான் ஆட்டோமேட்டிக். காத்துக்குப் பதிலா ஆயில், அவ்வளவுதான். கிளட்ச் பிளேட்டுக்கு வேலை இல்லை."

வீட்டுக்கு வந்து புரட்டிப் பார்த்தேன். பாய் சொன்ன அந்த ஆயில் சமாச்சாரத்துக்கு டார்க் கன்வெர்ட்டர் என்று பெயர். 1905-லேயே ஹெர்மன் ஃபோட்டிங்கர் என்கிற ஜெர்மானியர் அதற்கு காப்புரிமை வாங்கியிருக்கிறார். காருக்கு அல்ல, கப்பலுக்கு! அமெரிக்காவில் 1940 மாடல் ஓல்ட்ஸ்மொபைல் காரிலேயே ஆட்டோமேட்டிக் கியர் விற்பனைக்கு வந்துவிட்டது. கப்பலையே தள்ளுவதற்காகப் பிறந்த சங்கதியைத்தான் எங்கள் ஆபீஸில் வெந்நீர் என்றார்கள்.

"சரி பாய், மலையில எது உசத்தி?"

"ஏறும்போது ஆட்டோமேட்டிக் சுகம். கல்லு மேல இஞ்ச் இஞ்ச்சா ஏத்தணும்னா, கியர் வண்டியில ஹாஃப் கிளட்ச்சுல நிப்பீங்க. அஞ்சு நிமிஷத்துல கிளட்ச் பிளேட் கருகுற வாசனை வரும். இதுல அந்த வழுக்கலை ஆயில் தாங்கிக்கும். ஆனா ஆயில் சூடாகும், அப்பப்ப நிறுத்தி ஆற விடணும். இறங்கும்போது கியர் வண்டி கெட்டி. ஃபர்ஸ்ட்ல போட்டா இன்ஜினே பிடிச்சுக்கும். ஆட்டோமேட்டிக்லயும் கீழ் கியர்ல பிடிச்சு வைக்கலாம். நம்மாளுங்க அதைப் படிக்கிறதே இல்ல, D-யிலயே விட்டுட்டு பிரேக்கை மிதிச்சுக்கிட்டே வருவாங்க. கொல்லிமலையில 70 கொண்டை ஊசி வளைவு தம்பி... பாதியிலயே பிரேக் காய்ஞ்சு போகும்."

"பேட்டரி இறங்கிட்டா?"

"கியர் வண்டின்னா நாலு பேரு தள்ளினா ஸ்டார்ட் ஆகும். ஆட்டோமேட்டிக்கைத் தள்ளினா நாலு பேருக்கும் மூச்சு வாங்கும், அவ்வளவுதான்."

ஆக மொத்தம், மதிப்பெண் ஏறக்குறைய சமம். 'மீசை கட்சி'யே ஜெயிக்கட்டும் என்று கியர் வண்டியைச் சோதனை ஓட்டம் எடுத்தேன். பக்கத்தில் மனைவி.

பாய் சொல்லிக் கொடுத்தபடி ஹேண்ட் பிரேக்கை இழுத்துவிட்டு, மூன்றாவது கியரில் போட்டுக் கிளட்ச்சை மெதுவாக விட்டேன். டப்பென்று இன்ஜின் நின்றது. நின்றால் நல்லது, நிற்காமல் உறுமிக்கொண்டே இருந்தால் கிளட்ச் தேய்ந்துவிட்டது என்று அர்த்தம். இரண்டாவது, மூன்றாவது கியர் விழும்போது கரகரவென்ற சத்தம் இல்லை. வண்டி தங்கம்! பிறகு, சத்திரத்திலிருந்து காவிரிப் பாலம், மாம்பழச் சாலை வழியாக அம்மா மண்டபம் வரை ஓட்டினேன். மனைவி வழியெல்லாம் எதையோ முணுமுணுத்துக்கொண்டு வந்தாள். விஷ்ணு சகஸ்ரநாமமாக்கும் என்று நினைத்தேன்.

அம்மா மண்டபத்தில் நிறுத்தியதும் சொன்னாள்: "118!"

"என்ன 118?"

"நீங்க கிளட்ச் மிதிச்சது."

போக வர 236. வருஷத்துக்கு 300 நாள் ஆபீஸ் என்றால் 70,800 தடவை. மண்பாதையில் போகப்போவதோ வருஷத்தில் பத்து நாள். அந்தப் பத்து நாள் வீரத்துக்காக 70,800 மிதி!

"பரவாயில்ல, காலுக்கு எக்ஸர்சைஸ்" என்றேன்.

"அது இருக்கட்டும். மாசத்துல பத்து நாள் ஆடிட்டுன்னு மெட்ராஸ் போயிடறீங்க. அன்னிக்குப் பார்த்து அத்தைக்கு ஏதாவதுன்னா, இந்த வண்டியை யாருங்க ஓட்டுறது?"

நான் காவிரியைப் பார்த்தேன். அவளிடம் லைசென்ஸ் உண்டு. டிரைவிங் ஸ்கூலில் படித்துவிட்டு, முதல் வாரமே சத்திரம் சிக்னலில் வண்டி நின்றுபோய், பின்னால் இரண்டு பஸ் ஹாரன் அடித்து, அன்றோடு கியர் வண்டியைத் தொடவில்லை. ஸ்கூட்டர் ஓட்டுவாள். நன்றாகவே ஓட்டுவாள்.

எந்த ராத்திரிக்காக வண்டி வாங்கக் கிளம்பினேனோ, அந்த ராத்திரியில் நான் ஊரில் இருப்பேன் என்று யார் உத்தரவாதம் கொடுத்தது? சேறு, மலை, பிரேக், பேட்டரி எல்லாம் விசாரித்தேன். யார் ஓட்டப்போகிறார்கள் என்று மட்டும் விசாரிக்கவில்லை.

சரி, ஆட்டோமேட்டிக்கே என்று முடிவு. கதை இங்கே முடிந்திருக்க வேண்டும். ஆனால் செகண்ட் ஹேண்ட் வண்டி ஆயிற்றே!

பார்க்கப் போனபோது, பாய் முதலில் பானெட்டில் கையை வைத்தார். "சூடா இருக்கு. குளிப்பாட்டிப் பூ வெச்சுப் பொண்ணு காட்டுறாங்க. காலையில வரோம்." மறுநாள் விடியற்காலை ஆறு மணிக்குப் போய், குளிர்ந்த இன்ஜினை ஸ்டார்ட் பண்ணி, P-யிலிருந்து D-க்குத் தள்ளினார். இரண்டு விநாடி ஒன்றுமே நடக்கவில்லை. அப்புறம் முதுகில் யாரோ குத்தினாற்போல ஒரு 'தொம்'!

"கியர் ஆயில் எப்ப மாத்தினீங்க?"

"லைஃப்டைம் ஆயில் பாய். மாத்தவே வேணாம்" என்றார் புரோக்கர்.

"யாரோட லைஃப்?" என்றார் பாய்.

அடியில் படுத்து, பின் ஆக்ஸிலின் ஆயில் போல்ட்டைத் திறந்தார். வழிந்த ஆயில் டிகிரி காபி நிறத்தில் இருந்தது. தண்ணீர் புகுந்த அடையாளம். யாரோ புண்ணியவான் ஆற்றில் இறக்கி விளையாடிவிட்டு, ஆயில் மாற்றாமலே விற்றிருக்கிறார். கால்மிதியைத் தூக்கினால், அடியில் கார்ப்பெட்டில் வண்டல் கோடு.

"கியர் வண்டியோட நோய் வெளியே தெரியும் தம்பி. மிதிச்சா தெரியும், மோந்தா தெரியும், ரிப்பேரும் அடக்கம். ஆட்டோமேட்டிக் நோய் சுகர் மாதிரி. உள்ளேயே இருக்கும், பில்லு வரும்போதுதான் தெரியும்."

எப்படிப்பட்ட இக்கட்டு பாருங்கள்! தங்கமான கியர் வண்டி, ஒன்றேகால் லட்சம் கம்மி; மனைவியால் ஓட்ட முடியாது. மனைவி ஓட்டக்கூடிய வண்டி நோயாளி. அன்றைக்குச் சாயங்காலம் கியர் வண்டிக்கு அட்வான்ஸ் கொடுக்கப் பர்ஸைக்கூடத் தூக்கிவிட்டேன். மனைவி ஒன்றும் சொல்லவில்லை. அம்மாவின் மாத்திரை டப்பாவை நிரப்பிக்கொண்டிருந்தாள். பர்ஸைத் திரும்ப வைத்துவிட்டேன்.

மூன்று மாசம் காத்திருந்தோம். கரூரில் ஒரே கை வண்டி கிடைத்தது. ஆட்டோமேட்டிக். சர்வீஸ் பில் எல்லாம் ஃபைலில் அடுக்கியிருந்தது. காலைக் குளிரில் D போட்டதும் பூனை மாதிரி நகர்ந்தது. நாலு சக்கர லீவரை மண் தரையில் போட்டுப் பார்த்தோம். (தார் ரோட்டில் போட்டு வளைக்காதீர்கள், முன்னும் பின்னும் இழுத்துக்கொண்டு பல்சக்கரம் முறுக்கும்.) பாய் தலையை ஆட்டினார். பி.எஃப். அட்வான்ஸ், சீட்டுப் பணம், கொஞ்சம் கடன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் மண்பாதையில் மனைவிக்குப் பயிற்சி. 4L-இல் போட்டு, ஆக்ஸிலேட்டரை ஒரே நிதானமாக வைத்துக்கொள்ளப் பழகினாள். இந்த வண்டி 650 மில்லி மீட்டர் தண்ணீரில் இறங்கும் என்று கம்பெனி சொல்கிறது. "அது நிக்கிற தண்ணிக்கும்மா, ஓடுற தண்ணிக்கு இல்ல" என்று பாய் அவளிடம் தனியாகச் சொல்லியிருந்தார்.

போன ஐப்பசியில், நான் சென்னையில் இருந்தபோது போன் வந்தது. அம்மாவுக்கு மறுபடி அதே மூச்சுத் திணறல். ராத்திரி பதினொன்று. மழை. லாட்ஜ் அறையில் குறுக்கும் நெடுக்கும் நடந்தேன். மனைவியின் போன் நடுவில் எடுபடவில்லை. கடைசியில் ஒன்றரை மணிக்கு அம்மாவே பேசினாள், துறையூர் ஆஸ்பத்திரியிலிருந்து.

"உன் பொண்டாட்டி வந்து கூட்டிட்டு வந்துட்டா. ஊசி போட்டாச்சு. நீ தூங்கு."

ஓடையில் முழங்காலுக்கு மேல் ஓடியதாம். விளக்கைப் போட்டபடி அரை மணி நேரம் இக்கரையிலேயே நிறுத்தி, வடிந்த பிறகு கடந்திருக்கிறாள். எந்த கியர் பாக்ஸும் அந்த அரை மணி நேரத்தைச் சொல்லித் தராது. ஆனால் வண்டியைப் பற்றிய பயம் அவளுக்கு இல்லாததால்தான், தண்ணீரைப் பற்றி யோசிக்க முடிந்தது என்று நினைக்கிறேன்.

நீங்கள் தனி ஆள், மாசத்துக்கு இரண்டு தரம் மலை ஏறுகிறவர், கையில் பணமும் அளவாகத்தான் என்றால், கண்ணை மூடிக்கொண்டு கியர் வண்டியே வாங்குங்கள். தேய்ந்தாலும் உள்ளூரிலேயே சரி பண்ணிவிடலாம். இல்லாவிட்டால், வாங்குவதற்கு முன்னால் வீட்டில் ஒரு கேள்வி கேளுங்கள்: 'நான் இல்லாத அன்னிக்கு யார் ஓட்டுவாங்க?' அப்புறம், விடியற்காலை ஆறு மணிக்குப் போய் பானெட்டைத் தொட்டுப் பாருங்கள்.

இப்போதெல்லாம் அவள்தான் ஓட்டுகிறாள். நேற்றும் சத்திரத்தில் ஒரு டவுன் பஸ் குறுக்கே வந்தது. அவள் அலட்டிக்கொள்ளாமல் பிரேக் போட்டாள். பக்கத்து ஸீட்டில் நான் இடது காலை ஓங்கி மிதித்தேன்.

ரோட்டிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னாள்: "அங்க ஒண்ணும் இல்லீங்க!"