மருந்தை நிறுத்திய நாட்கள்

மருந்தை உண்ணத் தொடங்குவது பற்றி அறிவுரை கூறுவார் பலர். அதனை நிறுத்துவது எவ்வாறு என்று கூறுவார் மிகச் சிலரே. நிறுத்துவதும் மருத்துவத்தின் ஒரு பகுதிதான் என்பதை நாங்கள் இருவரும் பட்டே அறிந்தோம். அவ்வனுபவத்தை நம் சங்கத்துக் குடும்பங்களுக்கு, சிறப்பாகப் பெண்மக்களுக்கும் அவர்தம் பெற்றோர்க்கும், எடுத்துரைப்பது பயன்தரும் எனக் கருதி இதனை எழுதுகின்றோம்.

நாங்கள் அக்காளும் தங்கையும் ஆவோம். திருவனந்தபுரம் மாவட்டத்தில், அகத்தியர் மலையின் அடிவாரத்தே உள்ள போனக்காடு எங்கள் பிறந்த ஊர். பாட்டனார் தென்காசிப் பக்கத்திலிருந்து தேயிலைத் தோட்ட வேலைக்கு வந்தவர். அன்னையார் கொழுந்து பறித்து, லயத்து வீட்டில் எங்களை வளர்த்தார். தோட்டம் தளர்ந்து ஆலையின் ஓசை அடங்கிய பின்னர், எங்களுள் மூத்தவள் திருவனந்தபுரத்தில் ஒரு துணிக்கடையில் வேலைக்கு அமர்ந்தாள். இளையவள் மணமாகித் திருப்பூருக்குக் குடிபோய், பனியன் கம்பெனியில் தையல் வேலை பார்க்கின்றாள். அன்னையார் மட்டும் லயத்தை விட்டு வர மனமின்றி இன்னும் அங்கேயே இருக்கின்றார்.

எங்கள் இருவருக்கும் வாய்த்த நோய் ஒன்றே. எண்டோமெட்ரியோசிஸ் என்பது அதன் பெயர். கருப்பையின் உட்புறத்தைப் போர்த்தியிருக்கும் படலத்தை ஒத்த திசு, கருப்பைக்கு வெளியே, சூலகத்தின் மீதும் குடலின் மீதும் அடிவயிற்றின் பிற இடங்களிலும் படிந்து வளர்வதே இந்நோய். மாதவிலக்கை நடத்துகின்ற ஹார்மோன்களுக்கு அத்திசுவும் கட்டுப்பட்டது. வேற்றூரில் குடியேறியும் சொந்த ஊர்க் கொடை நாளை மறவாத நம்மவரைப் போல, அதுவும் தன் நாளை மறவாமல் மாதந்தோறும் வீங்கிக் கசியும். கசிந்த குருதி வெளியேற வழியில்லாமையால் அவ்விடத்தே அழற்சியும் தழும்பும் கொடிய வலியும் உண்டாகும். 1920-களில் அமெரிக்க மருத்துவர் ஜான் சாம்ப்சன் இதனை விரிவாக ஆராய்ந்து எழுதினார். கருவுறும் வயதுடைய பெண்களில் ஏறத்தாழ 10 விழுக்காட்டினர், அதாவது உலகெங்கும் சுமார் 19 கோடிப் பேர், இதனால் வருந்துகின்றனர் என்று உலகச் சுகாதார நிறுவனம் கூறுகின்றது. பத்துப் பேரில் ஒருவருக்கு வரும் நோயின் பெயர் எங்கள் லயத்தில் ஒருவருக்கும் தெரியாதிருந்தது.

இங்கே ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்ளல் வேண்டும். இளையவள் பதினான்கு வயதில் வயிற்றைப் பிடித்துச் சுருண்டு படுத்துப் பள்ளிக்குச் செல்லாதிருந்த நாட்களில், மூத்தவள் அவளைக் கடிந்துகொண்டதுண்டு. "அம்மா இடுப்பில் துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டு மேட்டில் ஏறிக் கொழுந்து பறிக்கவில்லையா? நான் பொறுத்துக்கொள்ளவில்லையா? உனக்கு மட்டும் என்ன?" என்று கேட்டாள். தாய்க்கோ உடன்பிறந்தாளுக்கோ இந்நோய் இருந்தால் ஒருத்திக்கு அது வருவதற்குரிய வாய்ப்பு மிகுதி என்று பல ஆண்டுகள் கழித்து மருத்துவர் சொல்லக் கேட்டபொழுது, அந்தச் சொற்கள் எங்கள் இருவர் நினைவிலும் ஒருசேர எழுந்தன. குடும்பத்தில் எல்லாருக்கும் இருந்த காரணத்தாலேயே அதனை இயல்பென்று எண்ணிவிட்டோம். பொறுமை என்று நாங்கள் போற்றியது அறியாமையே.

நோய்க்குப் பெயர் தெரிந்தபின் மருந்துகள் வந்தன. மூத்தவளுக்கு நுண்துளை அறுவை செய்து, அதன்பின் லூப்ரோலைடு என்னும் ஊசியை, மாதம் ஒன்றுக்கு 3.75 மில்லிகிராம் வீதம் ஆறு மாதம் இட்டனர். இளையவளுக்கு டயனோஜெஸ்ட் என்னும் மாத்திரை, நாளொன்றுக்கு 2 மில்லிகிராம். இரண்டும் நோயை வேரோடு களைவன அல்ல; அடக்கி வைப்பன. ஊசியானது சூலகத்தின் ஹார்மோன் சுரப்பையே சிலகாலம் உறங்க வைக்கின்றது. ஆதலின், மாதவிலக்கு முற்றும் நின்ற மாதரிடம் காணும் துன்பங்கள் நாற்பது வயதிலேயே மூத்தவளைச் சூழ்ந்தன. சேலைகளை விரித்துக் காட்டும்பொழுதே முகமும் கழுத்தும் தீப்பட்டாற்போல் கொதிக்கும், வியர்வை கொட்டும். இரவில் உறக்கம் இல்லை. மூட்டுகள் வலித்தன. எலும்பின் அடர்த்தியும் குறையக்கூடும் என்பதனாலேயே இவ்வூசியைப் பொதுவாக ஆறு திங்களுக்கு மேல் தனியே நீட்டிப்பதில்லை. நீட்டிக்க நேரின், எலும்பைக் காக்கச் சிறிதளவு ஹார்மோனை உடன்சேர்த்துக் கொடுப்பர்.

இளையவளின் துன்பம் வேறு. வலி அடங்கிற்று, ஆயினும் அவள் சிரிப்பும் அடங்கிற்று. தொலைபேசியில் பேசினால் இரண்டு சொல்லுக்கு மேல் வாராது. காரணமின்றி அழுதாள். ஊர் ஏக்கம் என்று நாங்கள் எண்ணினோம். மனச்சோர்வு அம்மாத்திரையின் பக்கவிளைவுகளுள் ஒன்று என்பது ஒன்றரை ஆண்டு கழிந்த பின்பே எங்களுக்குத் தெரிந்தது. புலம்பெயர்ந்த குடும்பத்தார் இதனை நினைவில் வைத்தல் நலம். நம் பெண்களின் வாட்டமெல்லாம் ஊர் நினைவால் வருவதன்று.

முதன்முறை அவள் மருந்தை நிறுத்தியது எண்ணி நிறுத்தியதன்று. அன்னையார் வழுக்கி விழுந்து கால் முறிந்தது என்ற செய்தி கேட்டு, உடுத்த புடைவையோடு திருப்பூரிலிருந்து புறப்பட்டு வந்தாள். மாத்திரை வீட்டு அலமாரியிலேயே தங்கிவிட்டது. வழியில் கேட்ட கடைகளில் அது இல்லை. போனக்காட்டிற்கோ பேருந்து நாளுக்குச் சில முறையே வரும். நோயாளியைத் தனியே விட்டுவிட்டு விதுராவுக்கோ நெடுமங்காட்டிற்கோ சென்று தேட அவளுக்கு மனம் வரவில்லை. "இப்பொழுது வலிதான் இல்லையே, பத்து நாளில் என்ன ஆகிவிடும்?" என்று எண்ணினாள். ஒரு வாரத்திற்குள் உதிரப்போக்குத் தொடங்கிப் பதினேழு நாள் நீடித்தது. பழைய வலியும் வந்தது. அன்னைக்குக் கஞ்சி வைக்க எழுந்தவள் அடுப்படியில் மயங்கி விழுந்தாள். பரிசோதித்ததில் குருதியில் ஹீமோகுளோபின் 8 என்றிருந்தது. மருத்துவரிடம் ஒரு சொல் கேட்டிருந்தால் இவ்வளவும் நேர்ந்திராது.

இரண்டாம் முறை அறிந்தே நிறுத்தினாள். அவளுக்கு வயது முப்பத்து மூன்று. குழந்தை வேண்டுமென்ற விருப்பம் அவளுக்கும் அவள் கணவருக்கும் மிகுதி. இம்மாத்திரை உண்ணுங்காலத்துப் பெரும்பாலும் கரு முட்டை வெளிப்படுவதில்லை. ஆகவே நிறுத்தித்தான் ஆகவேண்டும். மூத்தவளின் ஊசிக்காலமும் அதே பருவத்தில் முடிந்தது. எனவே இருவரும் விடுப்பு எடுத்துக்கொண்டு அன்னையாரின் லயத்தில் சில வாரம் உடனிருப்பதென்று முடிவு செய்தோம்.

புறப்படுமுன் மருத்துவ அம்மையாரிடம் நாங்கள் கேட்டவை ஐந்து. மாதவிலக்கு எப்பொழுது திரும்பும்? வலி வந்தால் எம்மருந்து, எத்தனை நாள்? எந்நிலையில் உடனே மருத்துவமனைக்கு வரவேண்டும்? எப்பொழுது மறுபரிசோதனை? இது பயன் தராவிடில் அடுத்த வழி யாது? அவர் பொறுமையாக விடையளித்தார். மாத்திரையை நிறுத்தினால் பெரும்பாலும் இரண்டு மாதத்திற்குள்ளும், கடைசி ஊசிக்குப்பின் இரண்டு மூன்று மாதங்களிலும் மாதவிலக்குத் திரும்பும். வலிநீக்கி மாத்திரையை வலி முற்றியபின் அன்றி, தொடக்கத்திலேயே, உணவுக்குப்பின் கொள்ளல் வேண்டும். அணையாடை மணிக்கு ஒன்றாக நனைந்தாலும், மயக்கமோ காய்ச்சலோ பொறுக்கவொண்ணாத வலியோ தோன்றினாலும், வாழ்வே வேண்டாம் என்ற எண்ணம் எழுந்தாலும் காத்திருத்தல் கூடாது என்றார்.

அன்னையார் முன்பு கொழுந்தின் எடையை எழுதி வைத்த நோட்டுப் புத்தகத்தில் வெற்றுத்தாள்கள் மீதி இருந்தன. அவற்றில் நாள்தோறும் வலி பத்துக்கு எத்தனை, உதிரம் எவ்வளவு, உறக்கம் எத்தனை மணி, மனநிலை எப்படி, உண்ட மருந்து யாது என்று எழுதினோம். அன்னையாரே மாலைதோறும் நினைவூட்டுவார். தம் காலத்து வலியை ஒருவரும் எழுதி வைக்கவில்லையே என்று ஒருநாள் சொன்னார், வேறொன்றும் சொல்லவில்லை.

அக்கம்பக்கத்தார் பலவாறு பேசினர். "இந்த மருந்தெல்லாம் உடலைக் கெடுக்கும், காட்டு மூலிகையே போதும்" என்றவர் பலர். அவர்தம் அன்பை நாங்கள் குறைகூறோம். ஆயினும் ஒன்று உண்டு. இந்நோய்க்கு இன்றும் வழங்கும் நோரெதிஸ்டிரோன் 1951-இல் மெக்சிகோ நகரத்து ஆய்வுக்கூடமொன்றில் முதன்முதல் உருவாகியது. அதற்கு மூலப்பொருள் தந்தது அந்நாட்டுக் காட்டு வள்ளிக்கிழங்கு. ஆகவே காட்டிலிருந்து வந்ததா, ஆலையிலிருந்து வந்ததா என்பது கேள்வியன்று. அளவு என்ன, விளைவு என்ன, கண்காணிப்பவர் யார் என்பனவே கேள்விகள்.

இனி நிகழ்ந்ததைக் கூறுவோம். மூத்தவளின் உடற்கொதிப்பு கடைசி ஊசிக்குப்பின் இரண்டாம் மாத முடிவில் தணிந்தது. மூன்றாம் மாதம் விலக்குத் திரும்பியது. வலியும் உடன் வந்தது, எனினும் பழைய வலியில் பாதிதான். எலும்பின் அடர்த்தியைச் சோதித்து, கால்சியமும் வைட்டமின் டி-யும் கொடுத்தனர். கேழ்வரகும் காலை நடையும் அவள் வழக்கமாயின. கருப்பையினுள் பொருத்தும் ஹார்மோன் சாதனம் ஒன்றை அடுத்த வழியாக மருத்துவர் கூறியுள்ளார், அதனைச் சிந்தித்துவருகின்றாள்.

இளையவளுக்கு மூன்றாம் வாரத்திலேயே மனத்தின் மூட்டம் விலகியது. ஒருநாள் காலை அடுக்களையில் அவள் பாடும் ஓசை கேட்டு அன்னையார் எங்களைப் பார்த்துக் கண்கலங்கினார். முப்பத்தெட்டாம் நாள் விலக்கு வந்தது. முதல் இரண்டு மாதமும் எளிதாகக் கழிந்தன. மூன்றாம் மாதம் முதல் வலி மெல்ல ஏறுகின்றது. குழந்தை இன்னும் வாய்க்கவில்லை. மருந்தை நிறுத்தியது கருவுறுதற்கு உறுதிச்சீட்டு அன்று என்பதை முன்பே அறிவோம். அறிந்திருந்தும் ஒவ்வொரு மாதமும் ஒரே நாளில் வலியும் ஏமாற்றமும் சேர்ந்து வந்து கதவைத் தட்டும்பொழுது நெஞ்சு தளர்கின்றது. மாமியார் கேட்கும் கேள்விக்கு இப்பொழுது அவள் கணவரே விடை கூறுகின்றார். ஆறு மாதம் முயன்று பார்ப்பது, பின்னர் மகப்பேற்று வல்லுநரைக் காண்பது என்று முன்கூட்டியே வரையறுத்துக்கொண்டோம். அடுத்த திங்கள் அந்த ஆறாம் மாதம். மறுபடி மருந்துக்குத் திரும்ப நேர்ந்தால் அதனைத் தோல்வி என்று கொள்ளோம் என்றும் இருவரும் உறுதி செய்துள்ளோம்.

எங்கள் லயத்து வாசலிலிருந்து பார்த்தால் மஞ்சு விலகும் நேரங்களில் மலைமுடிகள் தெரியும். 1,868 மீட்டர் உயரமுள்ள அகத்தியர்கூடத்திற்குச் செல்லும் நடை போனக்காட்டிலிருந்தே தொடங்குகின்றது. நெடுங்காலம் பெண்கள் ஏறலாகாது என்றிருந்த அம்மலையில், 2018-இல் உயர்நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பிற்குப்பின், 2019 சனவரி முதல் பெண்களும் ஏறி வருகின்றனர். பெண்கள் வாய்திறந்து பேசலாகாது என்றிருந்த இந்நோயையும் இனிப் பேசலாம் என்றே நாங்கள் துணிந்தோம்.

அன்பர்களிடம் எங்கள் வேண்டுகோள் சில. ஊர் பெயரும்பொழுது துணிமணிகளுக்கு முன்னே மாத்திரையையும் மருந்துச் சீட்டையும் பையில் வையுங்கள். பக்கவிளைவு பொறுக்கவொண்ணாதாயின் தாமாக நிறுத்தாமலும், வாய்மூடிப் பொறுக்காமலும், மருத்துவரிடம் சொல்லுங்கள். உங்கள் வீட்டில் ஒரு சிறுமி மாதந்தோறும் சுருண்டு படுப்பாளாயின், "எல்லாருக்கும் உள்ளதுதானே" என்று சொல்லாதீர்கள். எங்களுள் மூத்தவள் திரும்பப் பெற விரும்பியும் பெற இயலாத சொல் அது ஒன்றே.