வேப்பங்கொழுந்தும் சேற்றுப்புண்ணும்



வியாசர்பாடியிலும் மோரேயிலும், கடல் கடந்து கனடாவிலும் ஆஸ்திரேலியாவிலும் வாழ்கின்ற நம் பங்கின் பிள்ளைகள் பலர், போட்டாதாங்கில் இப்போது என்ன நடக்கிறது என்று கேட்டு எழுதுகிறீர்கள். தவக்காலம் பாதி கடந்துவிட்டது. வேம்பு பழைய இலையை உதிர்த்துச் செங்கொழுந்து விட்டிருக்கிறது. பங்கு இல்லத்தின் பின்புறத்தில் களிம்பு காய்ச்சும் வேலை தொடங்கிவிட்டது.

பர்மியர் வேம்பைத் ‘தமா’ என்பர். இளங்கொழுந்தை வெந்நீரில் இட்டுக் கசப்பைக் குறைத்து உணவோடு உண்பது அவர்கள் வழக்கம். நம் வீடுகளில் அது பெரும்பாலும் மருந்தாகவே அறியப்பட்டது. அம்மை கண்ட வீட்டின் வாயிலில் வேப்பிலை செருகியதை உங்களுள் மூத்தவர்கள் மறந்திருக்கமாட்டீர்கள். சித்த மருத்துவம் புறமருந்துகளை 32 வகையாகப் பிரிக்கிறது. அவற்றுள் களிம்பும் ஒன்று.

இங்கே களிம்பு தேவைப்படுவதற்குக் காரணம் மழை. யாங்கோனில் ஆண்டுக்கு 2,500 மில்லிமீட்டருக்கும் மேல் பெய்கிறது. அதில் பெரும்பகுதி மே முதல் அக்டோபர் வரை கொட்டித் தீர்த்துவிடும். ஆற்றங்கரைத் துறையில் மூட்டை சுமப்பவர்கள் நாள் முழுவதும் ஈரத்தில் நிற்கிறார்கள். கால்விரல் இடுக்குகள் வெளுத்து, தோல் உரிந்து, சேற்றுப்புண் வருகிறது. நடக்க இயலாத நாளில் கூலி இல்லை. மருந்துக் கடையில் ஒரு சிறு குப்பி வாங்கவும் கணக்குப் பார்க்க வேண்டிய காலம் இது. ஆகவே மழைக்கு முன்னரே களிம்பு அணியமாகிவிட வேண்டும்.

இதைச் செய்பவர் எண்பதை நெருங்கும் ஒரு பாட்டி. 1964ஆம் ஆண்டுக்குப் பின் உறவினர் எல்லாரும் கப்பலேறியபோது இங்கேயே தங்கிவிட்ட குடும்பத்தவர். கொழுந்து பறிக்க இளைஞர்களை அனுப்பும்போது அவர் தரும் கட்டளை ஒன்றே: “நகத்தால கிள்ளுங்க, கொப்ப ஒடிக்காதீங்க. ஒரு கொப்புல ஒண்ணு எடுத்தா ரெண்டு விடணும்.” நுனிக்கொழுந்து முழுவதையும் பறித்துவிட்டால் அந்தக் கொம்பு அவ்வாண்டு தளர்ந்துவிடும் என்பது அவர் கணக்கு.

பறித்த கொழுந்தை உடனே எண்ணெயில் இடுவதில்லை. ஓரிரவு நிழலில் துணி விரித்து வாடவிடுவார். ஈரம் மிகுந்தால் களிம்பு பூசணம் பிடிக்கும். மறுநாள் மரத்தடியில் மூன்று செங்கல் கூட்டி, அடிகனமான சட்டியில் தேங்காய் எண்ணெயை ஊற்றி, கொழுந்தையும் தட்டிய பச்சை மஞ்சளையும் இட்டு, சிறுதீயில் காய்ச்சுவார். வேம்பின் நெடி வீட்டுக்குள் அடங்காது என்பதால்தான் இந்த வெளியடுப்பு. சடசடப்பு ஓயும்வரை பொறுத்திருக்க வேண்டும். பின்னர் ஒரு திரியை எண்ணெயில் நனைத்துக் கொளுத்துவார்; அது வெடிக்காமல் எரிந்தால் நீர் வற்றிவிட்டது என்று பொருள். துணியில் வடிகட்டி, நான்கு பங்கு எண்ணெய்க்கு ஒரு பங்கு தேன்மெழுகு சேர்த்து உருக்கினால் ஆறியதும் களிம்பு இறுகும். இவ்வூர் வெயிலுக்கு மெழுகு சற்றுக் கூடுதலாகவே வேண்டும்.

குளிர்நாடுகளில் வாழும் நீங்களும் இதற்கு அந்நியர் அல்லர். கனடாவில் பனி விலகும் பருவத்தில் பால்சம் பாப்லார் மரத்தின் மொட்டுகள் விரலில் ஒட்டும் நறுமணப் பிசினோடு பருக்கின்றன. தேனீக்களும் அப்பிசினைச் சேகரித்துக் கூட்டின் விரிசல்களை அடைக்கின்றன. அந்த மொட்டுகளை எண்ணெயில் ஊறவைத்துச் செய்யும் களிம்பை அங்குள்ளோர் ‘கிலயாதின் தைலம்’ என்றே அழைக்கிறார்கள். எரேமியா தம் மக்களின் காயத்துக்காகத் தேடிய தைலம் வேறு; ஆயினும் அந்தப் பெயர் அத்தனை தொலைவு பயணம் செய்திருக்கிறது. ஆஸ்பிரின் ஒவ்வாதவர்கள் மட்டும் பாப்லார் மொட்டைத் தவிர்க்க வேண்டும். அதே குலத்துப் பொருள்கள் அதில் உள்ளன.

சென்ற மழைக்காலத்தில் நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். துறையில் வேலை செய்யும் ஒருவர் களிம்பு கேட்டு வந்தார். பாட்டி அவருடைய பாதத்தை மடியில் தூக்கி வைத்துப் பார்த்தார். பெருவிரலின் அடியில் ஆழமான புண். விரலால் தொட்டு, “வலிக்குதா தம்பி?” என்றார். “இல்லம்மா” என்றார் அவர். பாட்டி களிம்புக் கிண்ணத்தை மூடிவிட்டு என்னை அழைத்தார். “சாமி, வலிக்காத புண்ணுக்கு என் மருந்து ஆகாது. இன்னைக்கே டாக்டர்ட்ட கூட்டிட்டுப் போங்க.” சர்க்கரை நோய் அவருக்கு இருந்தது, அதுவரை அவர் அறியவில்லை. ஒரு விரல் போயிற்று. கால் தப்பியது. இவ்வாண்டு கொழுந்து பறிக்க முதல் ஆளாக வந்தவர் அவரே.

பாட்டி அன்று களிம்பைத் தடவி அனுப்பியிருந்தால் அம்மனிதர் மகிழ்ச்சியோடு சென்றிருப்பார், காலையும் இழந்திருப்பார். சீராக்கின் ஞானநூல் 38ஆம் அதிகாரத்தில் மண்ணில் விளையும் மருந்தும் மருத்துவரும் அருகருகே போற்றப்படுகின்றனர். ஒன்றைக் காட்டி மற்றொன்றை விலக்குவது விவிலியத்தின் வழியன்று. ‘இயற்கையானது, தீங்கு செய்யாது’ என்று பரவும் செய்திகளை நம்பிக் குழந்தைகளுக்கு வேப்பெண்ணெயைக் குடிக்கக் கொடுத்துவிடாதீர்கள். அது உயிருக்கே ஆபத்தாகும்.

திருஅவையும் மரத்தின் கொடையை மதிக்கிறது. புனித வாரத்தில் ஆயர் அர்ச்சிக்கும் கிறிஸ்மா தைலத்தில் நறுமணப் பிசின் கலக்கப்படுகிறது. நோயாளரைப் பூசும் எண்ணெய் ஒலிவ எண்ணெயாகவே இருக்க வேண்டும் என்றிருந்த மரபைத் தளர்த்தி, ஒலிவம் கிடைத்தற்கரிய நாடுகளில் வேறு தாவர எண்ணெயையும் பயன்படுத்தலாம் என்று திருத்தந்தை ஆறாம் பவுல் 1972 நவம்பர் 30 அன்று இசைவு தந்தார். பாட்டியின் களிம்பு அருளடையாளம் அன்று. ஆயினும் பூசுவதற்கு முன் பாதத்தைக் கையில் ஏந்திப் பார்க்க வேண்டும் என்பதை இரண்டும் கற்பிக்கின்றன.

இத்தவக்காலத்தில் உங்களிடம் நான் கேட்பது இதுவே. உங்கள் இல்லத்து முதியவர்களின் பாதங்களை ஒருமுறை விளக்கொளியில் பாருங்கள். சிறு வெடிப்பாயின் எண்ணெய் தடவுங்கள். ஆறாத புண்ணாயின் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். தொலைவில் இருப்பவர்கள் தொலைபேசியிலாவது கால் எப்படி இருக்கிறது என்று கேளுங்கள்.

இறை ஆசீர் உங்களோடு இருப்பதாக.