உட்காரும் பெட்டியே மேளம்!

பெரு நாட்டுத் தலைநகர் லிமாவில் நாங்கள் குடியேறிய முதல் வாரம். கணவருக்கு அங்கே இரண்டு வருஷ வேலை. வீட்டுச் சாமான் வாங்கப் போன இடத்தில், கால் வலிக்கிறதென்று என் மகள் அங்கிருந்த மரப்பெட்டி ஒன்றில் உட்கார்ந்துவிட்டாள். கடைக்காரர் ஓடி வந்தார். திட்டப் போகிறாரென்று நான் பயந்தால், மனுஷர் சிரிக்கிறார்! உட்காரலாம், ஆனால் கை சும்மா இருக்கக் கூடாது என்று சைகை காட்டிவிட்டு, இன்னொரு பெட்டியில் தானும் உட்கார்ந்து முன்பலகையைத் தட்டினார். மேல் விளிம்பில் தட்டினால் சுள்ளென்று ஒரு சத்தம். நடுவில் தட்டினால் கும்மென்று அடிவயிறு வரை அதிர்கிறது. பின்பக்கம் வட்டமாக ஓர் ஓட்டை. தோலும் இல்லை, வாரும் இல்லை. பெயர் 'கஹோன்'. ஸ்பானிஷ் மொழியில் பெட்டி என்றுதான் அர்த்தம்.

அடுத்த வீட்டு அம்மாள் கறுப்பினத்தைச் சேர்ந்தவர். அவர்தான் எனக்கு இதன் கதையைச் சொன்னார். 16ஆம் நூற்றாண்டிலிருந்து ஆப்பிரிக்க மக்களைப் பிடித்து வந்து, பெருவின் கடலோரக் கரும்பு, பருத்தி, திராட்சைத் தோட்டங்களில் அடிமைகளாக வேலை வாங்கினார்கள். 1854ல்தான் அடிமைமுறை ஒழிந்தது. அதற்கு முன்னே, மேளம் கொட்டினால் கூட்டம் சேரும், கலகம் வரும் என்று எஜமானர்களுக்குப் பயம். மேளமே கூடாதென்று தடுத்தார்களாம். மேளம் போனால் என்ன, சரக்கு வந்த காலிப் பெட்டி கிடக்கிறதே! செத்துப்போன கழுதையின் தாடை எலும்பைக்கூட விடவில்லை. காய்ந்து பற்கள் ஆட்டம் கண்ட அந்தத் தாடையை முஷ்டியால் ஒரு குத்துக் குத்தினால் கிறுகிறுவென்று கிலுகிலுப்பை மாதிரி ஒலிக்கிறது. (முதலில் நான் தொடவே மாட்டேன் என்றேன். அப்புறம் தொட்டேன்.) மாதா கோயில் காணிக்கைப் பெட்டி போன்ற சின்னப் பெட்டியைக் கழுத்தில் மாட்டி, மூடியைத் திறந்து மூடியும் தாளம் போடுகிறார்கள். 2001ல் பெரு அரசாங்கம் கஹோனைத் தேசியப் பண்பாட்டுச் சொத்தாக அறிவித்தது.

டிசம்பரில் அந்த அம்மாள் தன் உறவுக்காரர் ஊரான எல் கார்மெனுக்கு எங்களை அழைத்துப் போனார். லிமாவிலிருந்து தெற்கே ஏறக்குறைய இருநூறு கிலோமீட்டர். வலப்பக்கம் பசிபிக் கடல், இடப்பக்கம் மணல் மேடு. புல் பூண்டு கிடையாது. சிஞ்சா வந்ததும் திடீரென்று பச்சை! பருத்தி வயல், திராட்சைக் கொடி. அங்கே டிசம்பர் நல்ல வெயில் காலம்; தண்ணீர் பாட்டில் இல்லாமல் கிளம்பாதீர்கள்.

கிறிஸ்துமஸுக்கு முதல் நாள் இரவு. குறுக்கே போட்ட பட்டையில் கண்ணாடித் துண்டும் ரிப்பனும் மின்ன, கையில் சின்ன மணியோடு பையன்கள் வரிசையாக வருகிறார்கள். குதிகாலும் நுனிக்காலுமாகத் தரையை மிதிக்கிறார்கள் பாருங்கள், காலாலேயே மேளம் வாசிக்கிற மாதிரி! இது 'நெக்ரீத்தோஸ்' ஆட்டம். பெண்கள் ஆடுவதற்கு 'பாயீத்தாஸ்' என்று பெயர். அவர்களுக்குக் கிதார், பையன்களுக்கு வயலின். இரண்டையும் 2019ல் யுனெஸ்கோ தன் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. மாதா கோயிலில் ஆடிவிட்டு, வீடு வீடாகவும் போய்க் குழந்தை இயேசுவுக்காக ஆடுகிறார்கள். அந்த ஊர் அமதோர் பாயும்ப்ரோசியோ வயலினிலும் கால்தாளத்திலும் பெரிய வித்வான். 2009ல் அவர் காலமான பிறகும் பிள்ளைகள் அதை விடவில்லை.

நாங்கள் போன வீட்டில் ஒரு பாட்டி என் மகளைப் பக்கத்தில் இழுத்து, கன்னத்தைத் தடவி, "இஹீத்தா, நீ எங்க வீட்டுப் பொண்ணுதான்" என்று மணியை அவள் கையில் வைத்தார். மகள் என்னைப் பார்த்தாள். எனக்கு நெஞ்சில் சுருக்கென்றது. அவள் பிறந்ததிலிருந்து, "என்ன இவ்வளவு கறுப்பா இருக்கா? கடலைமாவு தேய்ச்சுக் குளிப்பாட்டு" என்று சொல்லாத உறவுக்காரர் கிடையாது. நானும்தான் தேய்த்தேன். க்ரீமும் வாங்கிப் பூசினேன்.

அந்த வயலின் எனக்கென்னவோ மலைப்பக்கத்து ராகமாகக் கேட்டது. அது சரிதானாம். ஸ்பானியர் கொண்டுவந்த வாத்தியம், மலைவாசிகளின் இசை, கறுப்பினத்தாரின் கால் மூன்றும் அந்த ஆட்டத்தில் கலந்தவை. மலையையும் பார்த்துவிடலாமென்று பிப்ரவரியில் கந்தேலாரியா மாதா திருவிழாவுக்குப் பூனோ போனோம். டிட்டிகாக்கா ஏரிக்கரை, 3,800 மீட்டர் உயரம். போன அன்று எனக்குத் தலை சுற்றல், வாந்தி. முதல் நாள் படுத்து ஓய்வெடுப்பதும், வயிறு முட்டச் சாப்பிடாமல் இருப்பதும்தான் நல்லது. நான் இரண்டையும் செய்யவில்லை, பட்டேன். மறுநாள் ஜன்னலுக்குக் கீழே 'சிக்கு' என்ற குழல்கள். ஒருவர் கையிலிருக்கும் குழல்களில் பாதி ஸ்வரங்கள்தான். மீதி எதிரே நிற்பவரிடம். இவர் ஊதி நிறுத்த, அவர் ஊத, மாறி மாறித்தான் பாட்டே வரும். கோபித்துக்கொண்டு ஒருவர் வீட்டுக்குப் போய்விட்டால் கச்சேரி அம்பேல்!

லிமா திரும்பியதும் அடுத்த வீட்டு அம்மாள் ஒரு பழைய படச்சுருளின் பதிவைப் போட்டுக் காட்டினார். விக்டோரியா சாந்தா க்ரூஸ், 1922ல் லிமாவில் பிறந்தவர். மறந்துபோன கறுப்பின ஆட்டங்களைத் தேடி மேடையேற்றி, 1973லிருந்து தேசிய நாட்டுப்புறக் கலைக்குழுவை நடத்தியவர், 2014ல் மறைந்தார். சின்ன வயதில் கூட விளையாடும் பிள்ளைகளிடையே புதிதாக வந்த வெள்ளைக்காரச் சிறுமி, இந்தக் கறுப்பி இருந்தால் நான் போய்விடுவேன் என்றாளாம். தோழிகள் விக்டோரியாவைத்தான் போகச் சொன்னார்கள். அந்தக் காயத்தைத்தான் பின்னாளில் பாட்டாக்கினார். தெருவில் கறுப்பி என்று கத்தியதும், தலைமுடியை நீட்டிக்கொண்டு முகத்துக்குப் பவுடர் அப்பியதும், கடைசியில் அதே சொல்லைத் தலைநிமிர்ந்து தானே சொல்வதும், எல்லாம் கைத்தட்டலோடு தாளத்தில் வருகிறது.

அம்மாள் ஒவ்வொரு வரியாக அர்த்தம் சொல்லச் சொல்ல, நான் மகள் பக்கம் திரும்பவில்லை. பவுடர் வரி வந்தபோது அவளே கேட்டாள்: "அவங்க அம்மா பூசிவிட்டாங்களா, அவங்களே பூசிக்கிட்டாங்களா?"

"அவங்களேதான்" என்றேன். அதற்குமேல் எனக்குப் பேச்சு வரவில்லை.

அந்தக் கடைப் பெட்டியை அதற்குள் வாங்கியிருந்தோம். மகள் அதன்மேல் ஏறி உட்கார்ந்து, அந்தக் கைத்தட்டலைத் தட்டிப் பார்த்தாள். தப்பியது, மறுபடி தட்டினாள். ராத்திரி சாப்பாட்டுக்குக் கூப்பிட்டபோது, "உள்ளங்கை எரியுதும்மா" என்று இரண்டு கையையும் நீட்டினாள். நன்றாகச் சிவந்திருந்தது. தேங்காயெண்ணெய் தடவிவிட்டேன்.